குப்பத்தில் 849, பலமநேரில் 1,040

போன மாதம் நான் வேலை பார்த்த சங்கத்தின் திருப்பதி கிளையிலிருந்து லாவண்யா என்று ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலையில் சேர்ந்தவள். என்னைப் பார்த்ததே இல்லை. ஆனால் என் பெயர் தினமும் அவள் கண்ணில் படுகிறதாம். அவர்கள் கம்ப்யூட்டரில் "சகுந்தலா மேடம் பைனல் நியூ 2" என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பெரிய செலவில் வாங்கிய புது சாஃப்ட்வேர் படுத்துக்கொள்ளும் நாட்களில் அதைத் திறந்துதான் மாதத் தவணை போடுகிறார்கள்.

"மேடம், அதுல ஒரு டவுட்டு. ஒரே வட்டிதான். ஒரு தரம் சரியா வருது, ஒரு தரம் எங்கியோ எகிறிப் போகுது. எந்துக்கு மேடம்? உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கலாம்னா லாக் பண்ணி வெச்சிருக்கீங்க."

பாஸ்வர்டைச் சொன்னேன். அந்த ஃபைலை உடனே அழித்துவிடச் சொன்னேன். அழிப்பதற்குச் சித்தூர் தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், எழுதிக் கேட்கிறேன் என்றாள். ஏன் எகிறுகிறது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு அது இருபது வருஷமாகத் தெரியும்.

நான் நகரிக்குப் பக்கத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வாய்ப்பாடு மட்டும் இன்றைக்கும் தெலுங்கில்தான் வாயில் வரும். எங்கள் நைனா கரும்புக்குக் கடன் வாங்கப் போன கூட்டுறவுச் சங்கத்திலேயே எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம். அங்கே என் பி.எஃப். கணக்கில் இன்னும் ஒரு தகராறு பாக்கியிருக்கிறது. சித்தூரில் தலைமை அலுவலகம். திருப்பதி, பலமநேர், குப்பம், புத்தூர் என்று கிளைகள். என்னுடைய முதல் பதினைந்து வருஷ அனுபவத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். கூட்டினேன்.

அந்தக் காலத்தில் தவணை கண்டுபிடிக்க ஒரு புத்தகம் இருந்தது. சிவப்புத் துணி அட்டை. மேலே வட்டி விகிதம், பக்கவாட்டில் மாதங்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். அதைக் கடன் தொகைக்குப் பெருக்க வேண்டியதுதான். தப்பு வர ஒரே ஒரு வழிதான் இருந்தது, இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டுவது. அதற்கு நாங்கள் விரலில் எச்சில் தொட்டுக்கொள்வோம்.

எங்கள் பொது மேலாளர் பாஸ்கரய்யா. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். கோபப்பட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். முடியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. "சூத்தாம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் பார்க்கலாம் என்று சொன்ன காரியத்தை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. பச்சை மை பேனா வைத்திருப்பார். அந்தப் பேனாவால் கையெழுத்து மட்டும்தான் போடுவார், ஒரு வார்த்தை எழுத மாட்டார். எழுதியவன்தான் மாட்டுவான், கையெழுத்துப் போட்டவன் மாட்டமாட்டான் என்பது அவர் சர்வீசில் கற்றது.

கிளைகளிலிருந்து மாதக் கணக்கு வந்ததும் அவர் சரிபார்க்கும் முறை தனி. எதிரில் ஒரு கிளார்க் நின்று தொகைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அவர் காகித உருளை வைத்த கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே வருவார். நடுவில் யாராவது உள்ளே வந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம். கடைசியில் கூட்டல் பொருந்தினால் உருளையைக் கிழித்து, நான்காக மடித்து, கணக்கோடு ஸ்டேப்லர் அடித்து, பச்சை டிக் போடுவார். கூட்டல் சரியாக இருந்தால் உள்ளே இருக்கிற எண்கள் எல்லாம் ஒழுக்கமானவை என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு எண் ஏன் அந்த எண்ணாக இருக்கிறது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

தாராளமயம் என்று டில்லியில் சொன்னார்கள். எங்களுக்கு அது ஒரு கம்ப்யூட்டராகவும் அதற்கு ஒரு வெல்வெட் போர்வையாகவும் வந்து சேர்ந்தது. அதுவரை பயிருக்கும் மாட்டுக்கும் கடன் கொடுத்த சங்கம் மொபெட்டுக்கு, ஆட்டோவுக்கு, கலர் டிவிக்கு, பெங்களூரில் ரூம் எடுக்க அட்வான்சுக்கு என்று கொடுக்க ஆரம்பித்தது. குப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையன்களின் கூட்டம் பெருத்தது. கடன்கள் பெருகின. சிவப்புப் புத்தகம் கிழிந்தது. டைப் அடிக்கத் தெரிந்த பெண் கம்ப்யூட்டரும் அடிப்பாள் என்று முடிவு செய்து என்னைத் திருப்பதிக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அந்த மூன்று நாளில் நான் ஸ்ப்ரெட்ஷீட் கற்றுக்கொண்டேன். அப்போது அடைந்த சந்தோஷத்தை மறைப்பானேன். பதினைந்து வருஷம் கூட்டியவளுக்கு, தானே கூட்டிக்கொள்ளும் ஒரு காகிதம் கிடைத்தால் எப்படி இருக்கும்? இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு தவணை ஷீட் செய்தேன். முதல் கட்டத்தில் கடன் தொகை, இரண்டாவதில் வட்டி, மூன்றாவதில் மாதங்கள். நான்காவதில் மாதத் தவணை தானாக வரும்.

ஒரு சிக்கல் இருந்தது. சிலர் பதினைந்து சதவீத வட்டியை 15 என்று அடித்தார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சிலர் 0.15 என்று அடித்தார்கள். இரண்டு பேரையும் திருத்துவதைவிட ஷீட்டைத் திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். ஃபார்முலாவுக்குள் ஒரு நிபந்தனை வைத்தேன். அடித்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் அதைத் தசமத்தில் எழுதிய வருஷ வட்டியாக எடுத்துக்கொள். ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் சதவீதத்தில் எழுதிய வருஷ வட்டியாக எடுத்துக்கொள். அதை எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக் குடித்தேன். யாரும் கைவைக்கக் கூடாது என்று பூட்டும் போட்டேன்.

திருப்பதியில் எல்லாக் கிளை கிளார்க்குகளையும் கூட்டி விழா வைத்தார்கள். இயக்குநர் குழுவின் சார்பில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஷீட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். கிளைக்கு ஒன்று என்று ஃப்ளாப்பி கொடுத்தோம். பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்தால் காந்தம் இழுத்து அழிந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டதால், எல்லோரும் அதைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். புத்தூர் ஃப்ளாப்பியில் புளியோதரை எண்ணெய் பட்டு இன்னொன்று அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாகவே போனது, அல்லது போனதாகப் பச்சை டிக் சொன்னது. அப்புறம் வெளியிலிருந்து வந்த ஒரு தணிக்கையாளர், இளம் வயசுக்காரர், இரண்டு கிளைக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பதாயிரம் ரூபாய் கடன், பதினைந்து சதவீத வட்டி, முப்பத்தாறு மாதம். பலமநேரில் மாதத் தவணை 1,040 ரூபாய். அதே கடனுக்குக் குப்பத்தில் 849 ரூபாய். குப்பத்திலேயே பக்கத்து வரியில் இன்னொருவருக்கு 1,040 ரூபாய்.

849-ஐ முப்பத்தாறால் பெருக்கினால் முப்பதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். முப்பதாயிரத்துக்கு மூன்று வருஷ வட்டியே ஐந்நூற்றுச் சொச்சம்தான் என்று ஆகிறது. இதை ஒன்றரை வருஷமாகக் கிளை மேலாளர் பார்க்கவில்லை, நாங்கள் பார்க்கவில்லை, உருளை வைத்த கால்குலேட்டரும் பார்க்கவில்லை. கூட்டல் மட்டும் எல்லா மாதமும் சரியாக இருந்தது.

குப்பம் கிளையில் தவணை போடுகிறவன் முனிரத்தினம். அப்போது அவனுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும். சாந்திபுரம் பக்கத்துத் தமிழ் ஊர்க்காரன். சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லாத குடும்பம். அந்தத் தலைமுறையில்தான் கொஞ்சம் நிலம் வாங்கிக் கேழ்வரகு போட ஆரம்பித்திருந்தார்கள். பி.காம். படித்து அந்த ஊரிலிருந்து பேனா பிடிக்கிற வேலைக்கு வந்த முதல் ஆள். ஒப்பந்த ஊழியன். இரண்டு வருஷம் முடிந்தால் நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. நிரந்தரம் ஆவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தணிக்கையாளர் பட்டியல் போட்டார். குறைந்த தவணை விழுந்த கடன்கள் எல்லாம் மூன்று ஊர்க்காரர்களுடையவை. மூன்றும் முனிரத்தினத்தின் ஊரும் அதன் பக்கத்து ஊர்களும். அத்தனை பேரும் தமிழ் ஜனங்கள். அதற்குமேல் தலைமை அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் ஆட்களுக்கு வட்டியைக் குறைத்துப் போட்டு இடையில் காசு வாங்கியிருக்கிறான் என்று டீ வருவதற்குள் முடிவாகிவிட்டது.

அதே ஊர்களில் ஆறு பேருக்குத் தவணை மிக அதிகமாக விழுந்திருந்தது. பத்தாயிரம் ரூபாய் மாட்டுக் கடன், சிறு விவசாயிகளுக்கான ஒன்பது சதவீத வட்டி, அதே முப்பத்தாறு மாதம். மாதம் 318 வர வேண்டிய இடத்தில் 704 வந்திருந்தது. இதை நான் பாஸ்கரய்யாவிடம் எடுத்துக்காட்டினேன். தன் ஜனத்துக்கு உதவுகிறவன் அவர்களிடமே இரட்டிப்பாக ஏன் வாங்குகிறான்? அவர் யோசித்தார். "சூத்தாம்" என்றார். குறைந்த தவணைப் பட்டியலை மட்டும் டைப் அடிக்கச் சொன்னார். மற்றது குற்றச்சாட்டுக்கு ஒத்துவரவில்லை.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். பாஸ்கரய்யா, ஒரு இயக்குநர், ஒரு வக்கீல். கம்ப்யூட்டர் தெரிந்தவரைச் சேர்த்தால் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்பதால் என்னைச் சேர்க்கவில்லை, உதவிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஜீப்பில் குப்பம் போய்ச் சேர்ந்ததும் கமிட்டி கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது. முனிரத்தினம் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வக்கீல் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். முப்பதாயிரம். பதினைந்து. முப்பத்தாறு. திரையில் 1,040 வந்தது. மறுபடி அடிக்கச் சொன்னார்கள். மறுபடியும் 1,040. மூன்றாவது தடவை இயக்குநரே ஒற்றை விரலால் அடித்துப் பார்த்தார். 1,040.

"நம்ம முன்னாடி மிஷின் சரியா கீது. நாம இல்லாதப்போ தப்பா கீது. அப்போ தப்பு மிஷின்லயா, மனுஷன்லயா?" என்று இயக்குநர் கேட்டார். வக்கீல் அதை எழுதிக்கொண்டார். பிறகு மூவரும் இயக்குநருக்குத் தெரிந்த கிரானைட் குவாரிக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். சைவத்துக்கு அங்கே வசதிப்படாது என்று என்னைக் கிளையிலேயே விட்டுவிட்டார்கள். சங்கத்தில் நான் சைவமாக இருந்ததால் கிடைத்த ஒரே நன்மை அது.

எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் போதும் என்று தோன்றியது. என் ஷீட்டில் தப்பு இருக்காது என்று நம்பினேன், அவன் திருடியிருப்பான் என்று நம்ப முடியவில்லை. வைரஸ் பார்த்தேன், இல்லை. கணக்குத் தானாக நடக்கும்படி வைத்திருக்கிறதா, ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டனை அமுக்கினால்தான் நடக்கும்படி மாறியிருக்கிறதா என்று பார்த்தேன், தானாகத்தான் நடந்தது. எண்ணுக்கு முன்னால் தெரியாமல் ஒரு மேற்கோள் குறி விழுந்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக மதிக்காது, எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லை. பூட்டைத் திறந்து ஃபார்முலாவை எழுத்தெழுத்தாகப் படித்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. எந்தக் கடனை நான் அடித்தாலும் சரியான விடை வந்தது.

கடைசியில் அவனைக் கூப்பிட்டேன். "முனிரத்னம், நேத்து நீ எப்படிப் போட்டியோ அப்படியே ஒன்னு போட்டுக் காட்டுபா. எனக்காக எதுவும் மாத்தாத."

அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடன் விண்ணப்பத்தை எடுத்தான். அவன் ஊர் பால் சென்டரில் காலையில் ஜனங்கள் பால் ஊற்ற வரும்போதே உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் அவனே விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். மற்ற ஊர்களுக்கு மற்ற கிளார்க்குகள் போனார்கள். காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தான். கடன் 30,000. வட்டி 1.25. மாதம் 36. திரையில் 849 வந்தது.

"இது இன்னாபா, ஒன்னு புள்ளி ரெண்டஞ்சு?"

"வட்டி மேடம். ஒன்னே கா ரூபா."

"பதினஞ்சு இல்ல போடணும்?"

"ரெண்டும் ஒன்னுதான மேடம். நூத்துக்கு மாசம் ஒன்னே கா, வருஷத்துக்குப் பதினஞ்சு. எங்க ஊர்ல பதினஞ்சுன்னு சொன்னா பயந்துக்கினு எழுந்து பூடுவாங்க. ஒன்னே கா ரூபா வட்டின்னா அப்பிடியே ஒக்காந்து கையெழுத்து வெப்பாங்க. அதான் பாரத்துலயும் அப்படியே எழுதிக்கினு வந்துடுவேன்."

"மாட்டுக் கடனுக்கு?"

"முக்கா ரூபா மேடம். புள்ளி ஏழஞ்சு."

நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் இந்தப் பக்கத்தில் வட்டி பேசுவோம். எங்கள் நைனாவும் அப்படித்தான் பேசுவார். நானும் நகைக் கடனுக்கு அப்படித்தான் விசாரிப்பேன். ஆனால் ஃபார்முலா எழுதும்போது நான் படித்தவளாகிவிட்டேன், அது ஞாபகத்துக்கு வரவில்லை. 1.25 என்று அடித்தால் என் ஷீட் அதை வருஷத்துக்கே ஒன்றேகால் சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, வட்டியே இல்லாத மாதிரி 849 போட்டது. 0.75 என்று அடித்தால் அது ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. நான் வைத்த நிபந்தனை அதை வருஷத்துக்கு எழுபத்தைந்து சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 704 போட்டது. தெரியவில்லை என்று ஒரு தடவையாவது அது சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். எதை அடித்தாலும் ஒரு விடை தரும்படி அதை நான்தான் செய்திருந்தேன்.

"மிஷினுக்கு எப்படிபா தெரியும், இது மாச வட்டின்னு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கதான மேடம் திருப்பதியில சொன்னீங்க. வட்டிய எப்படி வேணா அடிங்க, என் ஷீட்டு புரிஞ்சிக்கும்னு."

சொன்னேன்தான். சால்வையோடு நின்று சொன்னேன். அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. இரண்டு நிமிஷம் நான் எதுவும் பேசவில்லை.

அப்போது தவணை கட்ட ஒரு அம்மாள் வந்தாள். பச்சியம்மா என்று பெயர் பாஸ்புக்கில் இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து எழுநூற்று நாலு ரூபாயை எண்ணி வைத்தாள். தவணை அதிகமாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். "தண்டல்காரன் வாங்கறதுக்கு இது தேவலம்மா. ஆபீஸ்ல மரியாதையா ஒக்கார வெச்சி வாங்குறாங்க" என்றாள். மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போன மாதம் தவணைக்காகக் கன்றை விற்றுவிட்டதாகச் சொன்னாள். முனிரத்தினம் ரசீது எழுதிக் கொடுத்தான்.

சாப்பாட்டுக்குப் போனவர்கள் வந்தார்கள். பாஸ்கரய்யா வாசலிலேயே பீடா மென்றுகொண்டு, "ஏம்மா, தெலிசிந்தா?" என்று கேட்டார். தெரிந்துவிட்டதா என்று.

நான் சொன்னது இதுதான். "ஃபார்முலாவுல தப்பு இல்ல சார். என்ட்ரியிலதான் தப்பு."

அது பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள அழகு. ஃபார்முலா நான் எழுதியபடியேதான் வேலை செய்தது, அடித்த எண்தான் வேறு. முனிரத்தினம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மீதியை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. என் வீட்டுக்காரருடைய மில் மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. இதெல்லாம் காரணம் என்று பின்னால் எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். காரணம் அது இல்லை. சால்வை போர்த்தியவர்கள் முன்னால் முட்டாளாக நிற்கப் பயந்தேன்.

ஜீப்பில் திரும்பும்போது பலமநேருக்கு முன்னால் ஒரு தடவை வாய் திறந்தேன். "சார், அந்தப் பையன் வேணும்னு செய்யல. மாச வட்டிய அடிச்சிட்டான். ஷீட்டுலயும் கொஞ்சம்..." என்று இழுத்தேன். பாஸ்கரய்யா கண்ணை மூடியபடியே சொன்னார். "அந்த ஷீட்டை போர்டு தீர்மானம் போட்டு ஏத்துக்கிச்சிம்மா. ஷீட்டுல தப்புன்னா போர்டுல தப்பு. போர்டுல தப்பு இருக்குமா? சூத்தாம்." அப்புறம் தூங்கிவிட்டார்.

அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். தவணை ஷீட் சரியாக உள்ளது. ஊழியரின் உள்ளீட்டால் வேறுபாடு ஏற்பட்டுள்ளது. தொழில்நுட்ப உதவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பாஸ்கரய்யா பச்சை டிக் போட்டார். முனிரத்தினத்தை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அவன் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. திருடன் என்றும் எங்கேயும் எழுதவில்லை. எழுதாததால் அவன் மறுக்கவும் இடம் இல்லை. காலை ரயிலில் பெங்களூர் போகிற கூட்டத்தில் அவனும் சேர்ந்துவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

குறைவாகக் கட்டியவர்களுக்கு மீதியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. பாஸ்புக்கில் மேலாளரே கையெழுத்துப் போட்ட தொகை இது, கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் சொன்னார். நோட்டீசை வாபஸ் வாங்கினார்கள். தேர்தல் வந்தது, தள்ளுபடி வந்தது, அந்தக் கணக்கே மறைந்தது. அதிகமாகக் கட்டியவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தரவில்லை, சங்கத்தில் பங்குத்தொகையாக வரவு வைத்தார்கள். பச்சியம்மா சங்கத்தின் பங்குதாரர் ஆனாள். அதை அவளிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியாது. நான் நிபந்தனையை எடுத்துவிட்டுப் புது ஷீட் செய்தேன். பழையதை எல்லாக் கிளையிலும் அழித்துவிட்டதாக எழுதி வாங்கினேன். திருப்பதியில் யாரோ அதற்கு "நியூ 2" என்று பெயர் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஓய்வு பெற்ற அன்று இன்னொரு சால்வை.

லாவண்யாவின் போனுக்குப் பிறகு மூன்று நாள் பொறுத்தேன். நான்காவது நாள், குப்பம் கிளையில் இருந்த பழைய அட்டெண்டருக்குப் போன் செய்து முனிரத்தினத்தைப் பற்றி விசாரித்தேன். பெங்களூரில் செக்யூரிட்டி, அப்புறம் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர், இப்போது ஊரோடு வந்துவிட்டான், உப சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் துணைத் தலைவர், என்று சொன்னார். அவன் ஊருக்கே போய், ஜனங்கள் முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவனுக்கு அந்த ஊரில்தானே தலைகுனிவு நடந்திருக்கும். சித்தூரிலிருந்து பஸ், குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ. போகிற வழி முழுக்க என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

வீடு பெரிதாகக் கட்டியிருந்தான். வாசலில் ஷாமியானா நிழலில் ஏழெட்டுப் பேர் மனு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலை நரைத்துவிட்டது. பார்த்த உடனே அடையாளம் தெரிந்துகொண்டான். "வாங்க மேடம்" என்று எழுந்து நின்று, நாற்காலி போடச் சொன்னான். நான் சித்தூரிலிருந்து, அவன் முன்பு வேலை பார்த்த சங்கத்திலிருந்து வருகிறேன் என்றதும் பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த சங்கமாம்மா? எங்க முனிரத்னம் எங்க ஜனத்துக்காக வட்டிய கொறைச்சிப் போட்டாரு பாரு, அதுக்கோசரம் வேலையவே புடுங்கிட்டாங்களே, அந்த சங்கம்தான? சொந்தக்காரனே செய்ய மாட்டாம்மா. இந்தக் காலத்துல எவன் செய்வான்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவன் ஒரு மனுவைப் படித்துக்கொண்டிருந்தான்.

டீ குடித்த பிறகு, கிணற்றடியில் மோட்டார் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி என்னையும் பின்பக்கம் அழைத்துப் போனான். அங்கே யாரும் இல்லை.

"நான் சொல்லல மேடம். நோட்டீசு வாபஸ் ஆச்சி, தள்ளுபடி ஆச்சி, அவங்களே அப்பிடிப் பேசிக்கினாங்க. நான் இல்லன்னும் சொல்லல." மோட்டார் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பேசாம இருந்துடறது எப்பிடின்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். "அன்னிக்கே உனக்குப் புரிஞ்சிதாபா, தப்பு எங்கன்னு?"

"நீங்க ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தீங்களே, அப்பவே புரிஞ்சிது. அவங்க வந்ததும் சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அறிக்கை வர்ற வரிக்கும் நெனச்சிக்கினுதான் இருந்தேன்."

"இப்ப சொல்றேன்பா. அதுக்குத்தான் வந்தேன். எல்லாரு முன்னாடியும் சொல்லிடுறேன். தப்பு என்னுது, நீ எதுவும் செய்யலன்னு."

அவன் சிரித்தான். கோபம் இல்லாத சிரிப்புதான், அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "வாணாம் மேடம். நான் எதுவும் செய்யலன்னு நீங்க சொன்னா அப்புறம் எனக்கு இன்னா கீது இங்க? அன்னிக்கி சொல்லியிருந்தா வேலை மிஞ்சியிருக்கும். பெங்களூர்ல பன்னண்டு வருஷம் கேட்டாண்ட நின்னேன். திரும்பி வந்தப்போ இந்தப் பேரு ஒன்னுதான் கையில இருந்துச்சி. இப்ப அதையும் புடுங்கிக்கினு போவாதீங்க."

எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்களுக்கு மனசு தாங்கலன்னா வேற எங்கனா போயி சொல்லுங்க மேடம்" என்றான். "எம் பேரு வராம."

அதனால் இங்கே சொல்கிறேன். வட்டியை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று சொன்னவள் நான். அந்த நிபந்தனையை எழுதியவள் நான். ஃபார்முலாவில் தப்பு இல்லை என்று கையெழுத்துப் போட்டவளும் நான். அவன் ஒரு பைசா எடுக்கவில்லை. ஊரைக் கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கிறேன். முனிரத்தினம் என்பது அவன் பெயர் இல்லை.